ஏணிக்குறி போட்ட விரிப்பு

மேல்முறையீட்டு மன்றத்தின் உத்தரவுப்படி எடுக்கப்பட்ட கூடுதல் சாட்சியம். சாட்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாட்சியின் வேண்டுகோளின்படி அவர் பேசியது பேசியவாறே பதிவு செய்யப்படுகிறது. இரு தரப்பு வழக்கறிஞர்களும் உடன் இருந்தனர்.

என் பேர மேல எழுதிக்கிட்டீங்களா அய்யா? சரி, இருக்கட்டும். ஆனா எங்க தெருவுக்கு வந்து அந்தப் பேரச் சொல்லி விசாரிச்சா ஒருத்தருக்கும் தெரியாது. நீலக்கான்னு கேளுங்க, யாரா இருந்தாலும் வழி காட்டுவாங்க. வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுப் போட்டு என் நகமெல்லாம் ஊதாவாப் போச்சு, அதனால வந்த பேரு. வயசு அம்பதுக்கு மேல. எவ்வளவு மேலன்னு கேக்காதீங்க, அதை எண்ணிக்கிட்டு இருந்தது எங்கம்மா, அவங்க போனதோட அந்தக் கணக்கும் போயிடுச்சு. தொழில் சலவையும் இஸ்திரியும். விலாசம், போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிர்த்தாப்புல, நடுவுல ரோடு மட்டும்தான். முன்னால கடை, பின்னால வீடு. வீட்டுக்காரர் காலமாயிட்டார். போதைத் தூள் கேஸ்ல பத்து வருஷம் தண்டனை ஆகி உள்ள இருக்கிறவன் என் கூடப் பொறந்த தம்பி. நெட்டையன்னு கூப்பிடுவோம். தம்பிங்கறதுக்காக நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டேன். கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல. நடந்ததே தாராளமா இருக்கு.

நான் பேசுறத நான் பேசுற மாதிரியே எழுதணும்னு, இப்ப தம்பிக்காக வாதாடுற வக்கீலம்மா மூலமா உங்ககிட்ட கேட்டேன். ஏன் கேட்டேன்னா, முன்ன ஒரு தடவை ஸ்டேஷன் ரைட்டர் என் பேச்சை எழுதினாரு. மூச்சு விடாம நான் பேசினது அவரோட காயிதத்துல மூணு வரியா சுருங்கிப் போச்சு. பருத்தித் துணியக் கொதிதண்ணியில போட்டாக்கூட அவ்வளவு சுருங்காது. அதை அப்புறமா சொல்றேன். நடுவுல நீங்க 'விஷயத்துக்கு வாம்மா'ன்னு அதட்டலாம், தப்பில்ல. நான் சுத்தி வருவேன், ஆனா வந்து சேந்துடுவேன்.

எங்க கடைத் துணிக்கு ஒரு குறி உண்டு. அதைச் சொல்லாம மத்தது எதுவும் விளங்காது. எங்க பக்கத்துல சலவைக்கடை பல இருக்கு, ஆனா கட்டில் விரிப்பு மாதிரி பெரிய துணியெல்லாம் வேக வைக்கிற கூடம் ஒண்ணுதான். எல்லாக் கடைத் துணியும் ஒரே தொட்டியில விழும். வெளிய வரும்போது அத்தனையும் ஒரே வெள்ளையா நிக்கும், எது யாரு வீட்டுதுன்னு சொந்தக்காரங்க வந்தாலும் சொல்ல முடியாது. அதனால கடைக்கு ஒரு குறி, வீட்டுக்கு ஒரு குறி போட்டுத்தான் அனுப்புவோம். மத்தவங்க மையில போடுவாங்க. மை சில சமயம் பக்கத்துத் துணியில இறங்கிடும், அப்புறம் வாடிக்கைக்காரங்க வாயில விழணும். அதனால எங்க கடையில நூல்தான். நீல நூல்ல சின்னதா ஒரு ஏணி தைப்பேன். ரெண்டு நெட்டுக் கோடு, நடுவுல மூணு படி. அது கடை. பக்கத்துல முடிச்சு, அது வீடு. பெரியாஸ்பத்திரியில வேலை பாக்குற நர்ஸம்மா வீட்டுக்கு ரெண்டு முடிச்சு. துணி ஓரத்துல மடிச்சுத் தச்சிருப்பாங்களே, அந்த மடிப்புக்கு உள்பக்கம் மூலையில போடுவேன். விரிச்சா வெளிய தெரியக்கூடாது பாருங்க. ஏன் ஏணின்னு என் வீட்டுக்காரர் அப்பக் கேட்டாரு. மயில்தான் தைக்கப் பாத்தேன், அது கோழி மாதிரி வந்துச்சு, ஏணின்னா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னேன். எழுத்துன்னு என் கையில இருந்து வர்றது அது ஒண்ணுதான்.

சரி, அந்த நாளுக்கு வர்றேன். ஸ்டேஷன் உடுப்பெல்லாம் எங்க கடையிலதான் வெளுத்து, தேய்ச்சு போகும். அங்க இருந்த இன்ஸ்பெக்டருக்கு நானும் தம்பியும் வச்ச பேரு மடிப்பு அய்யா. கால்சட்டை மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும் அவருக்கு. 'நீலக்கா, இதுல தக்காளி நறுக்கலாம்னா மட்டும் குடுத்தனுப்பு'ம்பாரு. வயிறு வருஷா வருஷம் பெருசாகிக்கிட்டே போகும், பட்டனும் நான்தான் நகர்த்தித் தைக்கணும். நகர்த்தி வச்சது வெளிய தெரியவும் கூடாது. அதையும் செஞ்சேன். அந்த மனுஷன் வயித்தை ஊருக்குத் தெரியாம காப்பாத்தினவ நான். அந்த விசுவாசத்தைத்தான் அவரு காட்டினாரு.

அன்னிக்குக் காலையில அவரோட உடுப்பு ஒரு ஜோடியத் தேய்ச்சு, சட்டை தொங்கவிடுற மர மாட்டில மாட்டி, மேல பழைய துண்டு ஒண்ணு போட்டு, தம்பி கையில குடுத்தேன். ரோட்டைத் தாண்டிப் போனான். ஸ்டேஷன் படிகிட்ட செருப்பைக் கழட்டி விட்டான். அவனுக்கு அது ஒரு பழக்கம், தொவைச்ச துணியோட எங்க போனாலும் செருப்பை வெளிய விட்டுடுவான், தூசி துணிக்கு வரக்கூடாதுன்னு. ஒத்தச் செருப்புல வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும். அந்தச் செருப்பை விட்டுட்டு உள்ள போனான். போனவன் வரல.

நான் இங்க தேய்ச்சுக்கிட்டே அங்க பாத்துக்கிட்டு இருக்கேன். கதை பேச உக்காந்துட்டான் போலன்னு நெனச்சேன். அவன் ஒரு நாயைத் தாண்டிப் போனாக்கூட நின்னு நாலு வார்த்தை பேசிட்டுத்தான் போவான். வெயில் ஏறிடுச்சு. செருப்பு அங்கேயே கெடக்கு. ஒரு தடவை போய்க் கேட்டேன். வாசல்ல துப்பாக்கியோட நிக்கிறவரு, 'உள்ள ஏதோ விசாரணை, போக்கா, வந்துருவான்'னாரு. என்ன விசாரணைன்னேன். 'அது எனக்கே தெரியாது, நீ வேற'ன்னாரு. திரும்பி வந்துட்டேன். செருப்பு கெடக்குற வரைக்கும் ஆளு உள்ளதான் இருக்கான்னு அதையே பாத்துக்கிட்டு வேலை செஞ்சேன்.

அதுக்கப்புறம், மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டினப்புறம், ஸ்டேஷன் ரைட்டர் ரோட்டைத் தாண்டி கடைக்கு வந்தாரு. அவரு கடைக்கு வர்ற ஆளே இல்ல, யாரையாவது அனுப்புவாரு. வந்து நின்னு, 'நீலக்கா, ஒரு வெள்ளைத் துணி குடு. கொஞ்சம் பெருசா'ன்னாரு.

'எதுக்கு சார்?'

'எல்லாம் உன் தம்பிக்குத்தான்'னு சொல்லிச் சிரிச்சாரு.

அய்யா, நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. காலையில உள்ள போன ஆளு வெளிய வரல. மதியம் ஒரு போலீஸ்காரர் வந்து அவனுக்குன்னு வெள்ளைத் துணி கேக்குறாரு. கூடப் பொறந்தவளுக்கு என்ன தோணும்? எனக்கு அதுதான் தோணுச்சு. இஸ்திரிப் பெட்டிய அப்படியே வச்சேனா, நிமித்தி வச்சேனான்னு தெரியல, ரோட்டுல எது வருது எது போகுதுன்னு பாக்கல, ஓடினேன். வாசல்காரர் துப்பாக்கியக் குறுக்கப் புடிச்சாரு. நான் அங்கேயே நின்னு, டேய் நெட்டையான்னு கத்தினேன். ரெண்டாவது தடவை கத்தும்போது உள்ள இருந்து குரல் வந்துச்சு.

'இருக்கேன்க்கா. நீ இஸ்திரிப் பெட்டிய எடுத்து வச்சுட்டு வந்தியா இல்லியா?'

அவன் குரல்தான். அப்படியே படியில உக்காந்துட்டேன். அவன் செருப்புப் பக்கத்துல. சிரிக்கிறேனா அழறேனான்னு எனக்கே தெரியல. வாசல்காரர் தண்ணி குடுத்தாரு, அதையும் சொல்லிடணும், நல்லது செஞ்சவரு. அதுக்கப்புறம்தான் பெட்டி ஞாபகம் வந்து கடைக்கு ஓடினேன். டிராயிங் வாத்தியார் சட்டை முதுகுல பெட்டி ஆணியடிச்ச மாதிரி நின்னு பொகைஞ்சுக்கிட்டு இருக்கு. முக்கோணமா ஒரு ஓட்டை. வாத்தியார் ஒரு மாசம் என்கூடப் பேசல, அது வேற கதை. ஆனா அன்னிக்கு அந்த மதியம் அந்தச் சட்டை எரிஞ்சது பொய்யில்ல. வாத்தியாரைக் கேளுங்க, எரிஞ்ச சட்டைய இன்னும் வச்சுக்கிட்டு எனக்குக் காட்டிக்காட்டிப் பேசுறாரு.

நான் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்துல ரைட்டர் அவரே அலமாரியில இருந்து ஒரு துணிய உருவிக்கிட்டாரு, நான் படியில உக்காந்திருந்தப்ப அதை அக்குள்ல இடுக்கிக்கிட்டு என்னைத் தாண்டித்தான் உள்ள போனாரு. எந்தத் துணின்னு அப்ப நான் பாக்கல. பொழுது சாயுற நேரத்துல நர்ஸம்மா வந்து, 'என் விரிப்பு எங்க நீலக்கா?'ன்னு கேட்டப்பதான் அந்த இடம் காலியா இருக்கறது தெரிஞ்சுது. ரைட்டர் எடுத்துட்டுப் போயிட்டாரும்மான்னேன்.

'போலீசுக்கு எதுக்கு என் கட்டில் விரிப்பு?'

'தெரியலம்மா.'

'தெரியலன்னா? நாளைக்கு என் தலையணைய வந்து கேப்பாங்க, அதையும் குடுப்பியா?'

நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அந்த விரிப்புல ஒரு கறை உண்டு. புண்ணுக்குப் போடுற மஞ்சள் மருந்து கொட்டினது, நான் என்னென்னமோ போட்டுப் பாத்துட்டேன், போகல. வாத்து மாதிரி இருக்கும், ஒரு கழுத்து, ஒரு வயிறு. ஒவ்வொரு தடவையும் விரிப்பைத் திருப்பிக் குடுக்கும்போது நர்ஸம்மா பிரிச்சுப் பாத்துட்டு, 'வாத்து சௌக்கியமா இருக்கு'ம்பாங்க. அந்த விரிப்புதான். அந்தம்மாவும் இப்ப வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க, கூப்பிட்டுக் கேட்டுக்குங்க.

நர்ஸம்மா இன்னும் என்னைத் திட்டி முடிக்கல, அப்ப ஸ்டேஷன் ஜீப்பைக் கெளப்புற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தோம். பக்கவாசல் வழியா என் தம்பிய ஏத்துறாங்க. வெறுங்கால். கூடவே ஒரு பச்சைப் பை, நடுத்தரமான பை, அதை இதுக்கு முன்னால நான் அவன் கையிலயோ எங்க வீட்லயோ கண்டதில்ல. மடிப்பு அய்யா முன்சீட்டுல ஏறினாரு. ஜீப்பு பாலத்துப் பக்கம் போச்சு. நான் பின்னாலயே ஓடினேன், ஜீப்போட ஓட முடியுமா? கொஞ்ச நேரத்துல அதே ஜீப்பு அதே ஆளோட அதே பையோட திரும்பி வந்துச்சு. நான் அவன் செருப்பை எடுத்து முந்தானையில சுத்திக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் டீக்கடைக்காரர் பேப்பரைப் படிச்சுக் காட்டினாரு. பொழுது சாயும் நேரத்துல பாலத்துக்கிட்ட போதைத் தூள் பையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தவன், போலீசைப் பாத்ததும் ஓடினானாம், இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் மடக்கிப் புடிச்சாராம். படம் வேற. என் தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெறுங்கால்ல நிக்கிறான், பக்கத்துல மடிப்பு அய்யா. அய்யா, அந்தப் படத்தை நான் வச்சிருக்கேன், வக்கீலம்மாகிட்ட குடுத்திருக்கேன், பாருங்க. துரத்திப் புடிச்ச மனுஷனோட சட்டையில ஒரு சுருக்கம் இல்ல. கால்சட்டை மடிப்பு நேரா நிக்குது, தக்காளி நறுக்கலாம். அந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு அவரு ஓடினாருன்னா முதல்ல பட்டன் போயிருக்கும். அது காலையில என் தம்பி கையில நான் குடுத்தனுப்பின உடுப்பு. குடுக்கப் போனவனை உள்ள வச்சுக்கிட்டு, அவன் கொண்டுபோன உடுப்பையே போட்டுக்கிட்டு, அவன் பக்கத்துலயே நின்னு படம் புடிச்சிருக்காரு! இதை டீக்கடையில நின்னு நான் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

பையி எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. பாலத்துக்கடியில கேட்பாரில்லாம கெடந்த பைன்னு ஒருத்தர் சொன்னாரு, வேற ஒருத்தனைப் புடிக்கப் போய் அவன் போட்டுட்டு ஓடினதுன்னு இன்னொருத்தர் சொன்னாரு. நான் பாக்காததை நான் சொல்ல மாட்டேன். பை இருந்துச்சு, அதுக்கு ஒரு ஆளு வேணும்னு இருந்திருக்கும். அந்த நேரம் பாத்து ஒருத்தன் தொவைச்ச உடுப்போட உள்ள வந்து நின்னான்.

அதுக்கப்புறம் அவனை ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க. ரைட்டர் கடை வாசல்ல நின்னுக்கிட்டே என்னை விசாரிச்சாரு. காலையில உடுப்பு குடுக்கப் போனதுல இருந்து ஜீப்பு வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். வெள்ளைத் துணி கேட்டு நீங்கதானே சார் வந்தீங்கன்னும் அவரு மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். தலைய ஆட்டிக்கிட்டே ஒரு காயிதத்துல என்னமோ கிறுக்கினாரு. சரி சரின்னுட்டுப் போயிட்டாரு. அன்னியில இருந்து நான் ஸ்டேஷன் துணியத் தொடறதில்ல. கஞ்சி போடாத சட்டையோட திரியட்டும்.

அவங்ககிட்ட இருந்த என் மாட்டிகளை மட்டும் வாங்கிட்டு வரலாம்னு ஒரு நாள் போனேன். நல்ல மர மாட்டி, என் வீட்டுக்காரர் செஞ்சது. அப்பப் பாத்தேன். ரைட்டர் ரூம் கதவு காத்துல அடிக்கும், எப்பவும் ஒரு செங்கல் முட்டுக் குடுத்திருப்பாங்க. அன்னிக்குச் செங்கல் இல்ல. செவப்பு அரக்கு வச்ச ஒரு துணிப் பார்சல்தான் கதவுக்கு முட்டு. போறவங்க வர்றவங்க கால் பட்டு ஒரு பக்கம் கறுத்துப் போயிருந்துச்சு. பேப்பர்ல கட்டினதும் துணியில கட்டினதுமா அங்க ஆயிரம் கெடக்கும், நான் அதைக் கவனிக்கல. பின்னால கோர்ட்டுல சொல்றாங்க, அந்தப் பார்சல் பூட்டின அறையில, பீரோவுக்குள்ள, யாரும் தொடாம பத்திரமா இருந்துச்சாம். பூட்டின அறையில இருந்த பார்சல் ஓரம் எப்படி அய்யா கால்பட்டுக் கறுக்கும்? பார்சலைக் கொண்டுவந்ததும் அந்தக் கறுப்பு இன்னும் இருக்கா இல்லியா பாருங்க.

அதுக்கப்புறம் கேஸ் நடந்துச்சு. தம்பிக்குன்னு கோர்ட்டே ஒரு வக்கீலக் குடுத்துச்சு. அவரு நல்லவருதான், ஆனா எப்பவும் அவசரம், என் தம்பி பேரைக்கூடக் காயிதத்தைப் பாத்துத்தான் சொல்வாரு. என்னைச் சாட்சியாக் கூப்பிடுங்கன்னு கெஞ்சினேன். 'அக்கா தம்பிக்குச் சொல்ற சாட்சி எடுபடாதும்மா'ன்னுட்டாரு. அப்ப மடிப்பு அய்யா சொல்றது மட்டும் எடுபடுதே, அவரு யாருக்கு அக்கான்னு கேட்டேன். காயிதக் கட்டைத் தூக்கிக்கிட்டு அடுத்த கேசுக்குப் போயிட்டாரு.

மடிப்பு அய்யா கூண்டுல ஏறி, பையைப் பாலத்துக்கிட்டயே அவன்கிட்ட இருந்து கைப்பத்தினோம், அங்கேயே வெள்ளைத் துணியில சுத்தித் தச்சு அரக்கு வச்சோம்னு சொன்னாரு. துணி ஏதுன்னு நீதிபதி அய்யாவே கேட்டாரு. 'எப்பவும் விசாரணைப் பையில புதுத்துணி வச்சிருப்போம்'னாரு. புதுத்துணி! அப்பதான் பார்சலைக் கொண்டுவந்து மேசை மேல வச்சாங்க. நான் முன் பெஞ்சுல இருந்தேன். ஒரு முனையில தையல் விட்டுக் கொஞ்சம் பிரிஞ்சிருந்துச்சு. அங்க நீலமா ஒண்ணு எட்டிப் பாத்துச்சு. ஒரு நூலு. அப்புறம் ஒரு படி. எந்திரிச்சு, அய்யா அது என் கடைத் துணி, நர்ஸம்மா விரிப்புன்னு கத்திட்டேன். 'உக்காரும்மா'ன்னாங்க. உக்காரல. அதைத் திருப்பிப் பாருங்க, திருப்பி மட்டும் பாருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கையப் புடிச்சு வெளிய கொண்டுபோய் விட்டாங்க. வெளிய நின்னுக்கிட்டு இருக்கும்போதே உள்ள வேலை முடிஞ்சுபோச்சு. திருப்பிப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும் அய்யா? நான் ஒரு நாளைக்கு எத்தனை துணிய திருப்பிப் பாக்குறேன்! ஒரே ஒரு துணிய ஒரே ஒரு தடவை திருப்பாததால என் தம்பிக்குப் பத்து வருஷம்.

(இந்த நிலையில் சான்றுப் பொருளான துணிப் பார்சல் சாட்சியின் முன் வைக்கப்பட்டது. தொட வேண்டாம் என்று சாட்சிக்குச் சொல்லப்பட்டது.)

தொட மாட்டேன். நான் தொட்டா நான்தான் தச்சேன்னு சொல்லுவாங்க. கையப் பின்னால கட்டிக்கிறேன், அதையும் எழுதிக்குங்க. இதுதான் அந்தப் பார்சல். இந்தப் பக்கம் கறுப்பு பாருங்க, கதவுக்கு முட்டுக் குடுத்தது. பிரிஞ்சிருந்த முனைய யாரோ மறுபடியும் தச்சிருக்காங்க, இந்த இடத்துல நூல் மட்டும் பளிச்சுன்னு புதுசு. யாரு தச்சா, எப்பத் தச்சா, யாரைக் கேட்டுத் தச்சா? அதை அவங்ககிட்ட கேளுங்க. நீங்க பிரிக்கறதுக்கு முன்னாலயே நான் சொல்லிடறேன், சொன்னப்புறம் பிரிங்க. அந்தப் புதுத் தையலுக்கு உள்ள மூலை மடிஞ்சிருக்கும். மடிப்புக்கு உள்பக்கம் நீல நூல்ல ஏணி, மூணு படி. பக்கத்துல ரெண்டு முடிச்சு. மடிச்சு உள்ள போயிருக்கிற பாகத்துல எங்கயோ வாத்து இருக்கும். இல்லன்னா என் தம்பி முழுசா உள்ளயே இருக்கட்டும், நான் மேல ஒரு வார்த்தை பேசல.

(இரு தரப்பு வழக்கறிஞர்களின் முன்னிலையில் தையல் பிரிக்கப்பட்டது. துணியின் மூலையில் மடிப்பின் உட்புறம் நீல நூலால் ஏணி வடிவம், மூன்று படிகளுடன் உள்ளது. அதனருகே இரு முடிச்சுகள் உள்ளன. உள்மடிப்பில் மஞ்சள் நிறக் கறை ஒன்று உள்ளது. கறையின் வடிவம் குறித்து அரசு வழக்கறிஞர் ஆட்சேபம் தெரிவித்தார். கறை இருப்பது குறித்து ஆட்சேபம் இல்லை.)

அவருக்கு வாத்தா தெரியலன்னா போகட்டும், கோழின்னு எழுதிக்குங்க. எனக்கு அதைப் பாத்ததும் வேற ஒண்ணும் தோணல. அன்னிக்கு மதியம் அவன் குரல் கேட்டதுதான் தோணுச்சு. செத்தவனுக்குத்தான் துணி கேக்குறாங்கன்னு பயந்து ஓடினேன். குரல் கேட்டதும் நிம்மதியாயிட்டேன். அவங்க கேட்டது உயிரோட இருக்கிறவனைக் கேசுல சுத்தறதுக்குத்தான்னு அப்ப எனக்குப் புரியல. பாலத்துக்கிட்ட புடிச்சது பொழுது சாயும்போதுன்னு சொல்றாங்க. துணிய என் கடையில இருந்து எடுத்தது மதியம். ஆளைப் புடிக்கறதுக்கு முன்னாலயே அவன் பார்சலுக்குத் துணி தேடுவாங்களா? கல்யாணம்னா துணி முன்கூட்டி எடுப்பாங்க. இதுக்குமா?

(அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்தார்.)

என் தம்பி சம்பவத்தன்னிக்கு மதியம் பாலத்துப் பக்கம் போறதா சொல்லிட்டு வீட்டைவிட்டுக் கெளம்பினான், வேற எதுவும் எனக்குத் தெரியாதுன்னு நான் முன்னால ஸ்டேஷன்ல சொன்னதா ஒரு காயிதத்தை அரசு வக்கீல் படிச்சாரு. இதுதான் அய்யா நான் சொன்ன மூணு வரி. நான் அப்படிச் சொல்லவே இல்ல. கீழ இருக்கிறது உன் கைநாட்டு தானேன்னு கேட்டாரு. என்கிட்ட யாரும் கைநாட்டு வாங்கல. ரைட்டர் கடை வாசல்ல நின்னு பேசிட்டுப் போனாரு, அவ்வளவுதான். பொய் சொல்றியான்னு கேட்டாரு. அந்தக் கைநாட்டை எனக்குக் காட்டுங்கன்னேன். காட்டினாரு. நல்ல கைநாட்டு. சுழி சுழியா, கோலம் போட்ட மாதிரி அழகா விழுந்திருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, கோர்ட்டுல சிரிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க, மன்னிச்சுக்குங்க.

இதோ என் கையப் பாருங்க அய்யா. ரெண்டு கட்டைவிரலையும் பாருங்க. சின்ன வயசுல இருந்து சோடா, கொதிதண்ணி, அதுக்கப்புறம் சூடேறின இஸ்திரிப் பெட்டி. சூடு போதுமான்னு நாங்க விரல்ல எச்சில் தொட்டுப் பெட்டியத் தட்டித்தான் பாப்போம். என் விரல்ல ரேகை இருந்தது எனக்கே ஞாபகம் இல்ல. ரேஷன் கடையில விரல் வச்சுச் சாமான் வாங்குற மிஷின்ல நான் வச்சா, ஆளே இல்லங்குது. கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் என்னைப் பாத்து, 'நீ உயிரோட இருக்கியா நீலக்கா?'ன்னு கிண்டல் பண்ணுவாரு. இந்தக் கையில இருந்து அந்தக் கோலம் எப்படி விழும்? அது யாரு விரலோ. ரைட்டரு விரலா இருந்தாலும் இருக்கும், நான் பாக்காததைச் சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.

(சாட்சியின் இரு கைப் பெருவிரல்களிலும் மை தடவி வெற்றுத்தாளில் பதிக்கப்பட்டது. மைத்திட்டு மட்டும் விழுந்தது, ரேகை விழவில்லை. மீண்டும் பதிக்கப்பட்டது. விழவில்லை. தாள் இத்துடன் இணைக்கப்படுகிறது. அரசு வழக்கறிஞர் மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார்.)

இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு நிறுத்திக்கிறேன். போன மாசம் தம்பியப் பாக்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிறான். உள்ளயும் அவனுக்குத் துணி தொவைக்கிற வேலைதான் குடுத்திருக்காங்களாம். 'அக்கா, இங்க யாரு துணிக்கும் குறி இல்ல, எல்லாம் ஒண்ணு, சுலபமா இருக்கு'ன்னு சிரிக்கிறான். அவன் சிரிக்கிறான். நான் பஸ் ஏறி வந்துட்டேன். அவன் செருப்பை வார் மாத்தி, கழுவி வச்சிருக்கேன். நர்ஸம்மா விரிப்பையும் குடுத்துடச் சொல்லுங்க. அதையும் எதுக்கு உள்ள வச்சிருக்கீங்க, அது யாரை என்ன பண்ணுச்சு?

மேல எழுதினதை எனக்கு நிறுத்தி நிறுத்திப் படிச்சுக் காட்டினீங்க, நான் பேசினதுதான், ஒரு வரி சுருங்கல. எல்லாம் நான் கண்ணால பாத்ததும் காதால கேட்டதும். யாரும் சொல்லிக்குடுத்துச் சொல்லல, யாருக்கும் பயந்தும் சொல்லல. கைநாட்டு விழாத கை, கையெழுத்தும் வராது, என்ன பண்றதுன்னு கேட்டீங்க. பேனாவ இப்படிக் குடுங்க. எனக்குத் தெரிஞ்சதைப் போடறேன். ரெண்டு நெட்டுக் கோடு. மூணு படி. என் வீட்டுக்கு முடிச்சு கெடையாது, கடைதான் வீடு.

(சாட்சி தன் கையால் ஏணிக் குறி இட்டார். சான்றுப் பொருளான துணியின் மூலையில் உள்ள குறியும் இதுவும் அருகருகே வைத்துப் பார்க்கப்பட்டன. இரண்டிலும் நடுப்படி சற்றுச் சாய்ந்துள்ளது. என் முன்னிலையில் இடப்பட்டது.)